பிடித்த மடுவிலேயே

அவன்: …அப்புறம் பால் காய்ச்சினேன். காபி போட்டேன். பாப்பாவை எழுப்பினேன். எந்திரிக்கல. மறுபடி எழுப்பினேன்.

அவள்: பல் விளக்கினாளா?

அவன்: விளக்கிவிட்டேன். குளிப்பாட்டினேன். ரெட்டைப் பின்னல் வேணும்னா. எனக்கு ஒத்தைதான் வந்துச்சு.

அவள்: அதுவும் கோணலா வந்திருக்கும்.

அவன்: கோணல்தான். ரொட்டியில ஜாம் தடவிக் குடுத்தேன். ஓரத்தையெல்லாம் பிச்சு என் தட்டுல போட்டுட்டு நடுவுல இருக்கறதை மட்டும் தின்னா. ஷூ மாட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்துல விட்டேன். இங்க அணைக்கு வந்தேன். ஷட்டர் ரூமைத் திறந்தேன். தண்ணி மட்டம் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டேன். போதுமா?

அவள்: வாசல்ல அழுதாளா?

அவன்: கொஞ்சம். அம்மா எங்கேன்னா. மீன் பிடிக்கப் போயிருக்கான்னு சொன்னேன்.

அவள்: ஏன்பா… ஆராய்ச்சிக்குன்னு சொல்லக் கூடாதா?

அவன்: சொன்னேனே. ‘அப்ப பிடிக்க மாட்டாளா?’ன்னு கேக்கறா.

அவள்: நல்லாத்தான் கேட்டிருக்கா. எங்க டைரக்டரும் அதையேதான் கேக்கறார்.

அவன்: இப்ப எங்க நிக்கறே?

அவள்: மடுவுலதான். இடுப்பளவு தண்ணி. விறைச்சுப் போச்சு.

அவன்: ஆத்து வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு மடு இருக்கே, அங்க எடுக்கக் கூடாதா? ஜன்னல்ல இருந்து உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

அவள்: மீன் அந்தப் பக்கம் இல்லையே. இருந்தா கேட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரர் ஜன்னல் வழியா பார்க்கணுமாம், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கன்னு.

அவன்: சிரிக்காதே. வாக்கிடாக்கி செட்டை உயரமா வச்சுக்கோ. நனைஞ்சா போச்சு.

அவள்: கழுத்துல மாலை மாதிரி தொங்குது. செல்லுல ஒரு கோடு கூடக் காட்டல இங்க. நல்ல வேளை, இதைக் குடுத்தே.

அவன்: ஆபீஸ் செட்டு. இன்ஜினியருக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும்.

அவள்: ஷட்டர் ஆபரேட்டரோட பொண்டாட்டியே அணைக்குக் கீழ ஆத்துல இறங்கியிருக்கான்னு தெரிஞ்சா?

அவன்: அதையும் சேர்த்துக் கிழிப்பார். சொல்லு, இன்னும் எத்தனை மீன் வேணும்?

அவள்: கொஞ்சம்தான். ஆனா இன்னைக்கு ஏனோ வலைக்கே வர மாட்டேங்குது. எல்லாம் பாறைக்கு அடியில போய் ஒடுங்கிக்கிச்சு. தண்ணியும் லேசா கலங்கலா இருக்கு.

அவன்: கலங்கலாவா?

அவள்: லேசாத்தான். ஏன்?

அவன்: ஒண்ணும் இல்ல. கேட்டேன்.

அவள்: அங்க மட்டம் எப்படி?

அவன்: வழக்கம் போலத்தான்.

அவள்: உன் குரல் வழக்கம் போல இல்லையே.

அவன்: காபி சரியில்ல. போன வாரம் எடுத்ததே போதாதா உனக்கு? அத்தனை ட்யூப்பு கொண்டு போனியே.

அவள்: அது மேல, உன் அணைக்குள்ள எடுத்தது. அதைக் கேக்காதே, வயித்தெரிச்சல்.

அவன்: ஏன், என்னவாம் அதுங்களுக்கு?

அவள்: எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரே மாதிரி. வருஷா வருஷம் பண்ணையில இருந்து குஞ்சு கொண்டாந்து கொட்டறாங்கல்ல? எல்லாம் நாலஞ்சு தாய் மீன் பெத்தது. மொத்தமும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பார்க்கத்தான் அணை நிறைய மீன். மரபணுவுல பார்த்தா ஒரு கைப்பிடி கூடத் தேறாது.

அவன்: அதனால என்ன? வறுத்தா ருசி மாறப் போகுதா?

அவள்: வறுக்கறதுக்கு மிச்சம் இருந்தாத்தானே? ஒரு நோய் வந்தா போதும். ஒண்ணைக் கொல்றது அத்தனையையும் கொன்னுடும். தப்பிச்சு நிக்க ஒண்ணாவது வேற மாதிரி இருக்கணும்ல? இல்ல.

அவன்: காலங்காத்தால நல்ல பேச்சு.

அவள்: வந்தாச்சுப்பா. போன வாரமே ரெண்டு மீன் செவுள் வெளுத்துப் போய் மிதந்துச்சு. உனக்குச் சொல்லல. நீ ராத்திரி தூங்க மாட்டே.

அவன்: இப்ப மட்டும் தூங்கவா போறேன்?

அவள்: அதனாலதான் இங்க வந்து கிடக்கறேன். இந்த மடுவுல இருக்கறது பழைய ஆத்து மீன். அணை கட்டறதுக்கு முன்னாடியே இருந்த வம்சம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. லேப்ல காட்டினா ஒருத்தரும் நம்பல. ‘நீங்க ட்யூப்பை மாத்திப் போட்டிருப்பீங்க மேடம்’னு ஒருத்தன் சொல்றான். என்கிட்ட!

அவன்: அடிச்சியா?

அவள்: மனசுக்குள்ள. மேல இருக்கறதெல்லாம் செத்தாலும் இதுங்களை வச்சு மறுபடி உண்டாக்கலாம். இதுங்க எவ்வளவு வித்தியாசம்னு முதல்ல நான் காட்டணும்.

அவன்: நாளைக்குக் காட்டேன்.

அவள்: நீ இன்னைக்கு ஷட்டரைத் தூக்கினா மேல இருக்கற பண்ணை மீன் மொத்தமும் இங்க வந்து விழும். நோயும் சேர்ந்து வரும். அப்புறம் எது பழசு, எது புதுசுன்னு யாரும் சொல்ல முடியாது. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். மத்தியானம்தானே தூக்குவீங்க?

அவன்: …மத்தியானம்தான்.

அவள்: ஏன் இழுக்கறே?

அவன்: இழுக்கல. சீக்கிரம் ஏறுன்னு சொல்றேன்.

அவள்: இரு இரு… ஒண்ணு சிக்கிடுச்சு. ரெண்டு கையும் வேணும். பேசாதே… ஏய், ஏய், வாலை ஆட்டாதே தங்கம்…

அவன்: என்னையா?

அவள்: மீனை. உனக்கு ஏது வால்? ம்… வால் நுனியில நகத்தளவு வெட்டினாப் போதும். அதுக்கு இந்தக் குதி குதிக்குது. ஆச்சு. ட்யூப்புல போட்டாச்சு. நீ உன் மடுவுக்கே போ, ராஜா. வாளியில இருக்கற ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க.

அவன்: வாளி எதுக்கு? வெட்டினா அப்படியே தண்ணியில விட வேண்டியதுதானே?

அவள்: இவங்க ரெண்டு பேரும் மேல் மடுவுல பிடிச்சவங்க. மேல் மடுவுலதான் விடணும்.

அவன்: நடுவுல ஒரு பாறைதானே இருக்கு?

அவள்: அந்தப் பாறைதான்பா ரெண்டு கூட்டத்தையும் இவ்வளவு காலம் தனித்தனியா வச்சிருக்கு. பிடிச்ச மடுவுலேயே விடணும். மாத்தி விட்டா அந்தப் பண்ணைக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அவன்: சரி, எதையாவது பண்ணு. சீக்கிரம் பண்ணு. இரு, போன் அடிக்குது… ஹலோ? சார்.

இன்ஜினியர்: எங்கய்யா போயிட்டே? எத்தனை தடவை அடிக்கறது?

அவன்: ரூம்லதான் சார்.

இன்ஜினியர்: மேல் அணையை விடிகாலையிலேயே திறந்துட்டாங்க. உனக்குச் சொன்னாங்களா இல்லையா?

அவன்: சொன்னாங்க சார்.

இன்ஜினியர்: அப்புறம் ஏன் இன்னும் ஷட்டரைத் தூக்காம உக்காந்திருக்கே?

அவன்: இன்னும் கொஞ்சம் மட்டம் ஏறட்டும், பார்க்கலாம்னு…

இன்ஜினியர்: என்னத்தைப் பார்க்கறது? நான் அணையோட மண் கரை மேல நிக்கறேன். காலுக்கு அடியில ஊறுது. மூட்டை போடப் போட நழுவுது. தண்ணி உன் ஷட்டர் வழியா போனா ஆத்தோட போயிடும். இந்தக் கரை உடைஞ்சா நேரா கீழ்த்தெருவுக்குள்ள போகும். புரியுதா?

அவன்: புரியுது சார்… சார், கீழ்த்தெருவுல பள்ளிக்கூடம் இருக்கு.

இன்ஜினியர்: தெரியும்யா. ஆள் அனுப்பியிருக்கேன். ஓடை பொங்கிடுச்சு. சுத்திக்கிட்டுப் போறாங்க, இன்னும் போய்ச் சேரல. அதுக்குத்தான் தூக்குங்கறேன். சைரனைப் போடு. எல்லா ஷட்டரையும் தூக்கு. வைக்கறேன்.

அவன்: ஹலோ, இருக்கியா? இங்க பாரு, உடனே…

அவள்: கேட்டுச்சு.

அவன்: என்ன கேட்டுச்சு?

அவள்: அவர் சொன்னது எல்லாமே. செட்டுல பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே போன் பேசியிருக்கே. மத்தியானம்னு சொன்னே.

அவன்: நீ கிளம்பின பிறகுதான் தகவல் வந்துச்சு. உனக்கு இதுதான் கடைசி நாள்னு தெரியும். கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும்னு நினைச்சேன். சண்டையை வீட்டுல வச்சுக்கலாம். ஏறு. இப்பவே ஏறு.

அவள்: சண்டை போடல. ஏறறேன். ட்யூப் பெட்டியை மேல பாறையில வச்சாச்சு… வாளியில இருக்கறவங்களை விட்டுட்டு வந்துடறேன்.

அவன்: வாளியைத் தூக்கிக் கடாசு!

அவள்: கடாசினா செத்துடும்பா. இந்தா, எட்டினா மேல் மடு. ஊத்திட்டு ஒரே ஓட்டமா வந்துடுவேன்.

அவன்: வேணாம். நான் சொல்றதைக் கேளு. வேணாம்…

அவள்: …

அவன்: ஹலோ?

அவள்: …ஆ…

அவன்: என்ன? என்ன சத்தம் அது?

அவள்: ஒண்ணும் இல்ல. வாளி நழுவிடுச்சு.

அவன்: மீன்?

அவள்: போயிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லிக்கல. நன்றி கெட்டவங்க.

அவன்: ஏறு.

அவள்: ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன். பாசி. வழுக்குது.

அவன்: நான் சைரன் போடப் போறேன். பயப்படாதே.

அவள்: நான் என்ன பாப்பாவா?

அவன்: எனக்குப் பயமா இருக்கு.

அவள்: தெரியுது. உனக்கு எப்பவும் சைரனைக் கண்டாலே பயம். இந்த வேலைக்கு எப்படித்தான் எடுத்தாங்களோ.

அவன்: போட்டுட்டேன்.

அவள்: கேக்குது. காதைக் கிழிக்குது. கொக்கெல்லாம் பறந்துடுச்சு.

அவன்: ஏன் இப்படி மூச்சு வாங்கறே?

அவள்: பாறை ஏறினா மூச்சு வாங்காதா? நீ வந்து ஏறிப் பாரு தொப்பையோட.

அவன்: இன்னும் எவ்வளவு ஏறணும்?

அவள்: கொஞ்சம்…

அவன்: கொஞ்சம்னா? கண்ணுக்கு என்ன தெரியுது, சொல்லு.

அவள்: பாறை. வானம். போன் அடிக்குதுப்பா. எடு.

அவன்: …சார்.

இன்ஜினியர்: தூக்கினியா?

அவன்: சார்… ஆத்துல ஆள் இருக்கு சார்.

இன்ஜினியர்: யாரு? யாருய்யா?

அவன்: வீட்டுல சார்.

இன்ஜினியர்: வீட்டுலன்னா… மீன் டாக்டரம்மாவா?

அவன்: ஆமா சார்.

இன்ஜினியர்: அடப்பாவி…

அவன்: ரெண்டு பேரை அனுப்புங்க சார். வளைவு தாண்டி. என் வேலையை அப்புறம் எடுத்துக்கோங்க.

இன்ஜினியர்: இங்க இருந்து அங்க போய்ச் சேர்றதுக்குள்ள கரை இருக்காதுய்யா. ஏறச் சொல்லு. ஏறிட்டேன்னு அவங்க வாயால சொல்லட்டும். சொன்ன உடனே தூக்கு.

அவன்: ஒரு ஷட்டரை மட்டும், கொஞ்சமா தூக்கி வைக்கட்டுமா சார்?

இன்ஜினியர்: அந்தக் கட்டமெல்லாம் தாண்டிடுச்சு. மொத்தமா தூக்கினாத்தான் இந்தப் பக்கம் மட்டம் இறங்கும். தம்பி… நான் அதட்டல. என் கண்ணு முன்னாடி இப்ப ஒரு மூட்டை உள்ள போச்சு. போன இடம் தெரியல. கேட்டுட்டுத் தூக்குப்பா.

அவள்: ஏறிட்டேன்.

அவன்: …நான் இன்னும் கேக்கவே இல்லையே.

அவள்: இந்தத் தடவையும் பட்டனை விடல நீ.

அவன்: முழுசா ஏறிட்டியா?

அவள்: பின்ன, பாதியைக் கீழ விட்டுட்டா வருவேன்?

அவன்: ஸ்கூட்டர்கிட்ட போ. ஹாரன் அடி. எனக்குக் கேக்கணும்.

அவள்: ஹாரன் வேலை செய்யலைன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? நீதானே நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினே.

அவன்: அப்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணு.

அவள்: சாவி பையில இருக்கு. பை மேல பெட்டி. இறக்கினா ட்யூப்பெல்லாம் சாயும்.

அவன்: சாயட்டும்.

அவள்: உனக்கென்ன, சாயட்டும்பே.

அவன்: உன் பக்கம் தண்ணிச் சத்தம் கேக்குது.

அவள்: ஆத்தங்கரையில தண்ணிச் சத்தம் கேக்காம ரயில் சத்தமா கேக்கும்?

அவன்: ரொம்பப் பக்கத்துல கேக்குது.

அவள்: நீ எப்பவுமே இப்படித்தான். வீட்டைப் பூட்டுவே. தெரு முனை வரைக்கும் வருவே. திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பே. பூட்டித்தான் இருக்கும். இன்னைக்கும் அப்படித்தான். தூக்கு.

அவன்: கை வர மாட்டேங்குது.

அவள்: எந்தக் கை?

அவன்: ரெண்டும்.

அவள்: அப்ப ரெண்டையும் சேர்த்து வச்சு அழுத்து.

அவன்: விளையாடாதே.

அவள்: விளையாடல… பாப்பா இப்ப எங்க உக்காந்திருப்பா?

அவன்: வகுப்புலதான். தரையில. பாய் போட்டு உக்கார வைப்பாங்க.

அவள்: அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடி கிடையாதுல்ல?

அவன்: கிடையாது.

அவள்: சேர்க்கும்போதே கேட்டேன். ஓட்டுக் கட்டடமா இருக்கேன்னு.

அவன்: கேட்டே.

அவள்: அப்புறம் என்ன யோசனை?

அவன்: நீ கரையில நிக்கறேன்னு இன்னொரு தடவை சொல்லு.

அவள்: கரையில நிக்கறேன்.

அவன்: பாப்பா மேல சத்தியமா?

அவள்: …சத்தியமெல்லாம் உனக்கு எப்ப இருந்து? தூக்குப்பா. போன் வேற அடிச்சுக்கிட்டே இருக்கு.

அவன்: சரி.

அவள்: சரின்னா?

அவன்: தூக்கறேன்.

அவள்: ம்.

அவன்: …

அவள்: …என்னாச்சு?

அவன்: தூக்கிட்டேன். கேக்குதா? எல்லாத்தையும் தூக்கிட்டேன்.

அவள்: கேக்குது. நல்ல காரியம் பண்ணினே.

அவன்: தண்ணி வந்துடுச்சா அங்க?

அவள்: …வருது.

அவன்: எப்படி வருது?

அவள்: எப்படின்னா… செக்கச் செவேல்னு. நுரையோட. நான் மேல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். மடு ரெண்டும் மறைஞ்சுடுச்சு. என் மீனெல்லாம் போச்சுப்பா.

அவன்: நடுவுல அந்தப் பாறை?

அவள்: அதுவும் முங்கிடுச்சு.

அவன்: நீ நிக்கற இடத்துக்கு வந்துடாதுல்ல?

அவள்: வராது. நான் ரொம்ப மேல இருக்கேன். நீ ரூமைப் பூட்டிட்டு நேரா பாப்பாகிட்ட போ. எனக்காக நிக்காதே. நான் மெதுவா வந்துக்கறேன். ஈரத் தலையோட அவளை அனுப்பினியா? துவட்டிவிட்டியா?

அவன்: நான் இன்னும் தூக்கல.

அவள்: …

அவன்: ஒரு ஷட்டரையும் தூக்கல. பொய் சொன்னேன். பட்டன் மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சொட்டுத் தண்ணி கூட உன் பக்கம் வந்திருக்காது. எங்க இருக்கே? சொல்லும்மா.

அவள்: போனை எடுப்பா.

அவன்: எடுக்க மாட்டேன். எங்க இருக்கே?

அவள்: எடு. அவர் என்ன சொல்றார்னு கேளு. எனக்கும் கேக்கணும்.

அவன்: …சார்.

இன்ஜினியர்: தம்பி, ஏன்பா இன்னும் தூக்கல? கரை வாய் பிளக்குது. ஆளுங்களை மேல ஏத்திட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனவங்க இன்னும் ஓடைக்கு அந்தப் பக்கமே நிக்கறாங்க. கேக்குதா? தம்பி?

அவன்: நான் ஓடி வர்றேன். அப்படியே இரு. செட்டை வைக்காதே. பேசிக்கிட்டே இரு. நான் படியில இறங்கி ஓடி வர்றேன்…

அவள்: வாளியை ஊத்தும்போதே பாறை இடுக்குல கால் மாட்டிக்கிச்சு. இழுத்துப் பார்த்தேன். கத்தரியால ஷூவை வெட்டிக்கூடப் பார்த்துட்டேன். வரல. நீ வந்தாலும் வராது. பாப்பா தரையில உக்காந்திருக்கா. இந்தத் தடவை நிஜமாவே தூக்கு.